இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் மேல் நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. 1956-இல் நிறுவனம் பிறந்த நாளிலிருந்து அங்கே பெரிய தலைவலி அதுதான். ராப்பகலாகப் பம்புகள் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். பம்பு ஓடுகிற வரையில் அதை யாரும் நினைப்பதில்லை.

நர்ஸ் வேலையிலும் அப்படி ஒன்று உண்டு. நெய்வேலி ஆஸ்பத்திரியானாலும் சரி, சென்னை ஆஸ்பத்திரியானாலும் சரி, எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது. சரியாகச் செய்தால் முதுகில் புண் வராது, அவ்வளவுதான். வராத புண்ணுக்கு யார் வந்து நன்றி சொல்லப் போகிறார்கள்?

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, அந்த இடம் பட்டினி கிடக்கிறது. நீங்களும் நானும் தூக்கத்திலேயே புரண்டு கொடுத்துவிடுகிறோம். பக்கவாதத்தில் விழுந்தவரும், இடுப்பெலும்பு முறிந்த பாட்டியும் என்ன செய்வார்கள்?

இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் வருகிறார். "பாவம் சிஸ்டர், இப்போதுதான் கண்ணயர்ந்தார். காலையில் பார்த்துக் கொள்ளலாமே!" என்று நாம் கெஞ்சுகிறோம். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் காலை வரை அசையாமல் கிடந்தால் போதும், புண்ணுக்கு வித்து விழுந்துவிடும். அது ஆற மாதக்கணக்காகும். சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறினால் உயிருக்கே ஆபத்து. கெஞ்சாதீர்கள், எழுந்து ஒரு கை கொடுங்கள்.

நெய்வேலிப் பெண்களுக்கு ஷிப்ட் என்றால் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தைப் போலவே வார்டிலும் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். 'பத்து மணிக்கு இடப்பக்கம்' என்று எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் வருகிறவர் வலப்பக்கம் திருப்புவார்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியான தம் புத்தகத்தில், படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குற்றம் நோயின்மேல் அல்ல, பராமரிப்பின்மேல் என்று எழுதிவிட்டார். எனக்கென்னவோ இது கொஞ்சம் கடுமையாகவே படுகிறது. கனத்த ஆளை ஒருத்தியாகத் திருப்ப முடியுமா? வார்டு நிறைய நோயாளிகள் இருந்தால்? எத்தனை கவனித்தும், உடம்பு மிகவும் குலைந்தவர்களுக்குப் புண் வந்துவிடுவதும் உண்டு. டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கில நர்ஸ் இன்னும் உதவியான காரியம் செய்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் சக்தி, மலஜலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் மார்க் போட்டு, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கண்டுபிடிக்கும் முறையை அவரும் அவருடைய சகாக்களும் 1962-இல் வெளியிட்டார்கள். யாரை முதலில் கவனிப்பது என்பது தெரிந்தாலே நர்ஸுக்குப் பாதி பாரம் குறையுமே!

சரி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் அந்த நர்ஸ் யார்? நீங்கள்தான்! ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், "எப்படித் திருப்புவது, செய்து காட்டுங்கள் சிஸ்டர்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளை இழுக்கக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உராய்ந்து பிய்ந்துவிடும். விரிப்பில் சுருக்கம் வேண்டாம், ஈரம் வேண்டவே வேண்டாம். பருப்பு, பால், ஒத்துக்கொள்பவர்களுக்கு முட்டை என்று சத்துள்ள ஆகாரம் வேண்டும். காற்று மெத்தை நல்லதுதான். அதை வாங்கிப் போட்டாலும் திருப்புகிற வேலை தீராது.

சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பது அந்தக் காலத்துப் பழக்கம். இன்று கூடாது என்கிறார்கள்; நசுங்கிய சதை தேய்த்தால் இன்னும் கெடும். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் நம்மைப் போன்ற மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரிகிறது? அக்கம்பக்கத்துத் தோலைவிட அந்த இடம் கறுத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும்.

இடுப்பைப் பார்க்கிறவர்கள்கூடக் குதிகாலை மறந்துவிடுகிறார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணையைக் கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி வையுங்கள்.