பின்தங்கியவர் பக்கம் நிற்போருக்கு



ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேளையில், நீங்கள் ஆதரிக்கும் மனிதர் பின்தங்கிவிட்டார் என்று தெளிவாகத் தெரிந்தபின் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? புன்னைக்காயல் போன்ற கரையூர்களின் கமிட்டித் தேர்தல் முதல் டெல்லிக் கட்சித் தேர்தல் வரை இக்கேள்வி எழாத இடம் இல்லை.

1954 மார்ச் இறுதியில் சென்னை மாநிலக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டு எதிர்த்த கல்வித் திட்டத்தால் இராஜாஜி பதவி விலகும் நிலை. காமராஜருக்கு எதிராக நிறுத்தப்பட்டவர் சி. சுப்பிரமணியம், அவரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். கட்சி அமைப்பு நெடுங்காலமாகவே காமராஜர் கையில் இருந்ததால், முடிவு எப்பக்கம் சாயும் என்பது யாருக்கும் மறைபொருளன்று. காமராஜருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41.

தோற்கப்போவது தெரிந்தும் ஏன் போட்டியிட்டார், முன்னதாகவே ஒதுங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. எண்ணப்படாத ஆதரவை வென்றவர் எளிதில் மறந்துவிடுவார். அந்த 41 பேர் எண்ணப்பட்டார்கள். 2022இல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கேயின் 7,897 வாக்குகளுக்கு எதிரே சசி தரூர் பெற்றவை 1,072தான். ஆயினும் மறு ஆண்டே அவர் காரியக் கமிட்டியில் இடம்பெற்றார். ஆகவே வாக்குப்பெட்டி திறக்கும்வரை உங்கள் வேட்பாளரோடு நில்லுங்கள்.

அதன்பின்? 1954 ஏப்ரல் 13இல் பதவியேற்ற காமராஜர், எட்டுப் பேர் கொண்ட தம் அமைச்சரவையில் சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். காமராஜரின் பெருந்தன்மையை மேடைதோறும் புகழ்கிறோம், புகழத் தக்கதே. அழைப்பை ஏற்ற அவ்விருவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? தோற்கடித்தவருக்குக் கீழே பணிபுரிவது கசப்பான மருந்து. சுப்பிரமணியம் அதை விழுங்கினார். நிதியும் கல்வியும் அவர் பொறுப்பில் இருந்தன. 1956இல் நமது எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அவருடைய கல்வித் துறையின் வழியாகவே பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. பக்தவத்சலமோ 1963இல் காமராஜருக்குப் பின் முதலமைச்சரானார்.

யூதாஸின் இடத்துக்கு நிறுத்தப்பட்ட இருவரில் சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது. யுஸ்து எனப்பட்ட பர்சபாவின் பெயர் அதற்குப் பின் அப்போஸ்தலர் நடபடிகளில் வருவதில்லை. அவர் ஒரு பிரிவை உண்டாக்கினார் என்றும் அங்கே எழுதப்படவில்லை. (வென்ற மத்தியாவின் பெயரும் பிறகு வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.)

இனி, உள்ளே இருப்பது மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்போர் உண்டு. இராஜாஜி அப்படிப்பட்டவர். 1957 தேர்தலில் அவரைச் சார்ந்தோர் தனித்து நின்றார்கள். 1959இல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அவருடைய கொள்கைகளில் பலவற்றை நான் ஏற்பவனல்லன். ஆனாலும் பகல் வெளிச்சத்தில் விலகிப் போனார், தம் கொடியைத் தாமே ஏற்றினார். அதில் குற்றம் காண என்னால் இயலவில்லை.

நான் கண்டிப்பது வேறொன்று. வள்ளத்திலேயே அமர்ந்துகொண்டு அடிப்பலகையைத் துளைப்பது. கூட்டத்தில் கைதட்டிவிட்டுத் தெருமுனையில் தலைவரைப் பழிப்பது, தேர்தல் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் ஊருக்குப் போய்விடுவது, தங்கள் கட்சி தோற்றதும் "நான் அப்போதே சொன்னேன்" என்று மகிழ்வது. இலங்கையில் 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி வாக்கெடுப்பில் சிறீதரன் 184, சுமந்திரன் 137 என்று முடிவு வந்தது; சில வாரங்களில் விவகாரம் நீதிமன்றப் படியேறியது. யார் பக்கம் நியாயம் என்பதை நான் தீர்ப்பதற்கில்லை. அந்தக் கட்சியை நம்பி வாக்களித்த எளிய மக்களையே நினைத்துக்கொள்கிறேன்.

முடிவு வந்த மறுநாளே வென்றவரை நேரில் சென்று காணுங்கள். வாழ்த்துச் சொன்ன கையோடு, உங்கள் வேட்பாளர் எழுப்பிய கோரிக்கைகளில் எவற்றை அவர் எடுத்து நடத்துவார் என்று கேட்டுவிடுங்கள். அவற்றுள் ஒன்றைச் செய்துமுடிக்கும் பொறுப்பை உங்களிடமே தரும்படியும் கேளுங்கள்.