விடுதலை ஆகிவிட்டால் பொய் வழக்கா?

"உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி தெருவில் கத்தி என்ன பயன்?" 2018இல் நமக்கு இப்படிப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அரசமைப்பை மதிக்கத் தெரியாதவர்கள் என்றும் ஏசினார்கள். (வரைவுக் குழுவின் தலைவர் யார் என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.)

அந்த ஆண்டு மார்ச் 20இல், நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் அமர்வு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இல்லாத பூட்டுகளை அதன்மேல் போட்டது. வழக்குப் பதியும் முன்பே டி.எஸ்.பி. முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் அனுமதி வேண்டும். மற்றவர்களுக்கு எஸ்.எஸ்.பி.யின் அனுமதி. திருட்டு வழக்கில் இப்படி யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்? புகார் சேரியிலிருந்து வந்தால் மட்டும் சந்தேகம் முளைக்கிறது!

காரணம் என்ன சொன்னார்கள்? சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறதாம். தீர்ப்பு எடுத்துவைத்த அரசுக் கணக்கின்படி, 2015இல் முடிந்த வழக்குகள் 15,638. தண்டனை கிடைத்தவை 4,119. விடுதலையிலோ விடுவிப்பிலோ முடிந்தவை 11,024.

தோழர்களே, இந்த எண்ணைப் பார்த்து நமக்கு வரவேண்டிய கேள்வி வேறு. புகாரை வாங்காமல் இழுத்தடித்தது யார்? சாட்சியை மிரட்டியது யார்? கடமை தவறும் அதிகாரியைத் தண்டிக்க இதே சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறதே, அதை எங்கே காணோம்? கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அப்படியானால் அந்த 44 பேரும் பொய்ப் புகாரா?

ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க முழு அடைப்பு. நம்மவர்கள் உயிரையும் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் மத்திய அரசு சீராய்வு மனு போட்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 142ஆவது பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு இப்படிச் சட்டத்துக்கு எதிராகக் கட்டளை போட முடியாது என்றது. தலித்துகளும் பழங்குடியினரும் ஒட்டுமொத்தமாகப் பொய்ப் புகார் கொடுப்பவர்கள் என்று கருத முடியாது என்றும் சொன்னது. நாம் தெருவில் சொன்னதும் இதைத்தானே? சட்டத்துக்கு விளக்கம் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாடாளுமன்றம் எழுதாத நிபந்தனையைத் தானே எழுதிச் சேர்ப்பது அதன் வேலையல்ல. இதைச் சொல்ல சட்டப் பட்டமும் தேவையில்லை, பயமும் தேவையில்லை.

2020 பிப்ரவரி 10இல் 18ஏ செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் புகாரில் முகாந்திரம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் தரலாம் என்ற கதவை அதே தீர்ப்பு திறந்தே வைத்திருக்கிறது. முகாந்திரம் தெரிவது புகார் எழுதும் கையில் இருக்கிறது. ஆகவே ஊரில் புகார் எழுத உதவப் போகிறவர்கள் இடம், நேரம், சொன்ன சொல், அங்கே இருந்தவர்கள் என ஒன்றையும் விடாதீர்கள். "விசாரித்துவிட்டு எஃப்.ஐ.ஆர். போடுகிறோம்" என்று ஸ்டேஷனில் சொன்னால், 18ஏ பிரிவை அச்செடுத்து மேசையில் வையுங்கள்.