மெய்க்கீர்த்தியில் கப்பல் தச்சன் இல்லை

ஆடித் திருவாதிரை வந்தால் எங்கள் பக்கம் எல்லோரும் தளபதி ஆகிவிடுகிறார்கள். 2025 ஜூலையில் பிரதமரே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்து, ராஜேந்திரனின் படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு என்று விழா நடத்தி, அதே மேடையில் ஆபரேஷன் சிந்தூரையும் பேசிவிட்டுப் போனார். அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம். சோழர் கப்பலையும் போர் விமானத்தையும் ஒரே படத்தில் ஒட்டி, பின்னணியில் பாட்டு போட்டு ஆளாளுக்கு ஸ்டேட்டஸ். பெருமைப்படுங்க, எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை எண்ணிப் பெருமைப்படுகிறோம் என்பதில்தான் என் சண்டை.

ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்களுக்குத் தெரியும். கடல் நடுவே கப்பல்கள் அனுப்பினான் என்று சொன்ன கையோடு அது கடாரத்து அரசனைப் பிடித்தது, யானை, தோரணம், வென்ற ஊர்கள் என்று பட்டியலுக்குப் போய்விடும். எத்தனை கப்பல், எங்கே கட்டினார்கள், மரம் எங்கிருந்து வந்தது, உடைந்ததை யார் செப்பனிட்டது? ஒரு வரி கிடையாது. அரசனைப் புகழ வெட்டிய கல், அப்படித்தான் இருக்கும். ஆயிரம் வருஷம் கழித்து விமானப்படையைப் பற்றி நாமும் ஏன் அதே நடையில் பேசுகிறோம்?

ரஃபேல் 36, சுகோய், தேஜஸ், பிரம்மோஸ். இதுதான் நம் காலத்து மெய்க்கீர்த்தி. பக்கத்துத் தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் அங்கே 222ஆவது ஸ்குவாட்ரன் வந்தது, பிரம்மோஸ் ஏந்தும் சுகோய்-30 விமானங்களோடு. சோழ மண்ணில் மறுபடி படை என்று உடனே கொண்டாட்டம். விமானத்தின் வடிவமைப்பும் என்ஜினும் ரஷ்யாவுடையவை. பிரம்மோஸின் பெயரிலேயே பாதி மாஸ்கோ நதி. அதைச் சொன்னால் தேசத்துரோகியாம்!

ஸ்குவாட்ரன் என்பது சுமார் 16 முதல் 18 விமானங்கள். கூடவே விமானிகள், டெக்னீஷியன்கள், உதிரிபாகக் கிடங்கு. ஓட்டுபவனும் பழுது பார்ப்பவனும் பாகமும் இல்லாவிட்டால் விமானம் வெறும் காட்சிப்பொருள். நமக்கு அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள். 1963இல் வந்த மிக்-21க்கு 2025 செப்டம்பரில்தான் விடை கொடுத்தோம், மிஞ்சியவை 29. தேஜஸ் மார்க்-1ஏ 83 வேண்டும் என்று 2021இல் ஒப்பந்தம் போட்டாச்சு. அவற்றுக்கான அமெரிக்க என்ஜின்களில் முதலாவது கைக்கு வந்ததே 2025 மார்ச்சில்!

வெளிநாட்டு என்ஜின் வாங்குவதே கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஸ்வீடனின் கிரிப்பனில் ஓடுவதும் தேஜஸில் உள்ள அதே அமெரிக்க என்ஜின் குடும்பம்தான். பிரான்ஸ் கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியிலிருந்து என்ஜின் பொறியாளர்களை அழைத்துவந்து அடார் என்ற ஜெட் என்ஜினைச் செய்தார்கள். மிராஜ் அதில் பறந்தது. பத்தாண்டுக் கணக்கில் அந்த வேலையை விடாமல் செய்ததால்தான் இன்றைய ரஃபேலில் அவர்கள் என்ஜினே இருக்கிறது.

நாமும் ஜெர்மானியர் ஒருவரை அழைத்துவந்தோம். குர்ட் டாங்க். அவர் விமானத்தின் உடலை வடிவமைப்பவர். 1961இல் பறந்த மாருத் அவர் கைவண்ணம், அருமையான வடிவம். அதற்கென்று நினைத்திருந்த பிரிட்டிஷ் என்ஜினோ கைவிடப்பட்டது. வலுக்குறைந்த என்ஜினை மாட்டியே மாருத் காலம் தள்ளியது. உடல் நம்முடையது, உயிருக்கு ஊரார் வாசல். இதுபற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

அப்புறம் 1989இல் நாமே என்ஜின் செய்யக் கிளம்பினோம். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காவேரி. நம்ம ஆறு! தேஜஸுக்காகத் தொடங்கிய அந்த என்ஜினை 2008இல் தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றுவரை ஒரு தேஜஸும் காவேரியில் பறந்ததில்லை. சோழர் பெயரில் மார்தட்டும் நண்பர்களில் இதைக் கேள்விப்பட்ட எத்தனை பேர் இருக்கிறீர்கள்? பள்ளிப் பாடத்திலிருந்து ஆய்வுக்கூடச் சம்பளம் வரை இதற்கு என்ன காரணம் என்று எந்த எம்.பி.யையாவது கேட்டிருக்கிறோமா? ராஜராஜனுக்கும் ராஜேந்திரனுக்கும் சிலை வைக்கப்போவதாக அறிவிப்பு வந்த அன்று மட்டும் எல்லோரும் கைதட்டினோம்.