மல்டி ரெசல்யூஷன் மோகம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாசில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் ஆர்கேடு கேபினெட் செய்கிறான். மரவேலை முடிந்துவிட்டது. பிக்சர் ட்யூப் மானிட்டர்தான் வைப்பேன் என்கிறான். நல்ல முடிவு. எதை வாங்கலாம் என்று நம் குழுவில் கேட்டான். ஆளாளுக்கு ஒரே பாட்டு: “மல்டி ரெசல்யூஷன் வாங்கு, எல்லா கேமும் ஓடும், யோசிக்காதே.” என்னிடம் படித்தவர்களே யோசிக்காதே என்று சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் கணக்கு. ஒரு நொடியில் திரையில் எத்தனை கோடு விழுகிறது என்பதுதான் இங்கே விஷயம். பேக்மேன் (1980), டாங்கி காங் (1981), ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) எல்லாம் ஒரு படத்துக்குச் சுமார் 262 கோடு, நொடிக்கு 60 படம். பெருக்கினால் 15,720. இதைத்தான் 15 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். தூர்தர்ஷன் பார்த்த நம் வீட்டு டிவியும் 625 கோடு, 25 படம், ஆக 15,625. கணினியின் விஜிஏ 525 கோடு, 60 படம், 31,500. நடுவில் 24, 25 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிறு கூட்டம். சேகாவின் டேடோனா யுஎஸ்ஏ, அட்டாரியின் பேப்பர்பாய் அந்த வகை. இந்த மூன்று வேகத்துக்கும் ஈடு கொடுப்பதுதான் மல்டி ரெசல்யூஷன் மானிட்டர்.

இனி அவன் பட்டியலைப் பாருங்கள். டேடோனா ஒன்றைத் தவிர எல்லாமே 15. டேடோனாவுக்கு ஸ்டியரிங்கும் பெடலும் வேண்டும். இவன் பலகையில் துளை போட்டிருப்பதோ ஜாய்ஸ்டிக்குக்கும் ஆறு பட்டனுக்கும்! ஸ்டியரிங்கே இல்லாத வண்டிக்கு எதற்கப்பா கூடுதல் கியர்? 1998-இல் வந்த சேகா நவோமி 31-இல் ஓடுமே என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த போர்டிலேயே 15-க்கு மாற்ற ஸ்விட்ச் இருக்கிறது. பல ஆட்டங்கள் அதிலும் ஓடும்.

“பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் போதுமே மாமா, மல்டிசிங்க் என்று மேலேயே எழுதியிருக்கிறதே” என்றான் என் தங்கை மகன். மாப்பிள்ளை, பெயரைப் பார்த்து ஏமாறாதே. என்.இ.சி. 1980-களில் விற்ற முதல் மல்டிசிங்க் 15 வரை இறங்கும். அதே பெயரில் பின்னால் வந்தவற்றில் பல 31-க்குக் கீழே இறங்காது. அதில் பேக்மேனைக் காட்ட ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை போட வேண்டியிருக்கும். கோடுகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய கருப்பு இடைவெளி அடைபட்டுப் போகும். அதற்காகத்தானே ட்யூப் தேடி அலைகிறான்!

மல்டி கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதை யாருமே சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கேபினெட்டுக்குள் கணினி வைத்தால், ஆன் செய்ததும் அது வழக்கமாக 31-இல்தான் படம் அனுப்பும். 15 மட்டும் அறிந்த மானிட்டருக்கு அது ஆகாது. ஹாரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரே போய்விடலாம். அந்தப் பயம் இருந்தால் வெல்ஸ்-கார்ட்னர் டி9200 மாதிரி 15, 25, 31 மூன்றையும் ஏற்கிற 27 அங்குலம் தேடலாம், தப்பில்லை. ஆனால் ஆர்கேடு விஜிஏ என்று ஒரு கார்டு இருக்கிறது. பூட் ஆகும்போதே 15-இல் அனுப்பும். ஒரு கார்டில் தீர்கிற விஷயத்துக்கு, சர்க்யூட் சிக்கலான, பழுதானால் பார்க்க ஆள் கிடைக்காத மானிட்டரை ஏன் தலையில் கட்டுகிறீர்கள்? பணம் அவனுடையது என்பதாலா?

அவனுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. இந்த மானிட்டர்களில் பலவற்றுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வைக்க வேண்டும். நேரடியாக மெயினில் கொடுத்துவிடாதே. ட்யூபில் சுமார் 25,000 வோல்ட், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். தனியாக இருக்கும்போது பின்பக்கம் கை வைக்காதே.

இன்னொன்று. பேக்மேனுக்கும் டாங்கி காங்குக்கும் மானிட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் படுத்திருக்க வேண்டும். எந்த மல்டியும் இதைத் தீர்த்து வைக்காது. உனக்கு எது முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் பண்ணு. அதுவரை அட்வான்ஸ் அனுப்பிவிடாதே தம்பி.