பிறவித் திரை

நரை, திரை, மூப்பு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது நம் மரபு. வகுப்பில் இத்தொடர் வரும்போதெல்லாம் மாணவர்கள் திரை என்பதைத் திரைச்சீலை என்றே எடுத்துக்கொள்வார்கள். தோலில் விழும் சுருக்கத்திற்கும் கடலில் எழும் அலைக்கும் தமிழில் அது ஒரே சொல் என்று விளக்க வேண்டியிருக்கும். திரை என்பது நெடுநாள் வாழ்ந்தவர்கள் ஈட்டுவது. பிறக்கும்போதே அதைச் சுமந்து வந்த உயிர் ஒன்று எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறது. அது ஒரு பக் நாய். பெயர் லட்டு. அதன்மீது எங்களுக்குள்ள அன்பு சிறிதும் குறையவில்லை. ஆயினும் அதை விலை கொடுத்து வாங்கியது பிழை என்று இன்று கருதுகிறேன். இவை இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2003ஆம் ஆண்டு ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். சிறுவன் செல்லுமிடமெல்லாம் பின்தொடரும் சுருங்கிய முகமுடைய சிறு நாய். அப்போது நான் ஆய்வு மாணவன். நாய் வளர்க்கும் வசதியோ எண்ணமோ இல்லாதவன். ஆனால் அந்த முகம் மனத்தில் தங்கிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, எட்டு வயது மகள் நாய் வேண்டும் என்று கேட்டபோது, அவள் பக் என்று பெயர் சொல்லிக் கேட்கவில்லை. சொன்னவன் நான். திருச்சியில் என் தந்தையார் அதைப் பார்த்துவிட்டு, “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதையா இருக்கு” என்றார். பிறகு அவர் மடியில்தான் அது உறங்கியது.

குடும்பத்துடன் வாழ இதைவிட இணக்கமான பிராணி அரிது. குழந்தைகளைக் கடிக்காது, அதிகம் குரைக்காது. சிறிய வீட்டுக்குள் அடங்கும். மனிதர் அருகிலேயே இருப்பதை மட்டும் விரும்பும். விற்றவர் இவற்றையெல்லாம் சொன்னார், பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவைதாம் மிகுதி.

முதலாவது அந்தச் சுருக்கங்கள். மூக்கின் மேலுள்ள மடிப்பை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஈரம் தேங்கிப் புண்ணாகி நாற்றமெடுக்கும். கண்கள் ஆழமற்ற குழிகளில் வெளியே பிதுங்கி இருப்பதால் மூக்கு மடிப்பின் மயிர் விழியில் உராயும். எங்கள் லட்டுவின் இடக்கண்ணில் அவ்வாறு வந்த புண்ணின் வடு இன்றும் சாம்பல் நிறப் படலமாக உள்ளது.

இரண்டாவது மூச்சு. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது உடல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதற்கு நீண்ட மூக்கும் அகன்ற மூச்சுப்பாதையும் தேவை. பக் நாய்க்குத் தலையோடு குறுகியதே தவிர, உள்ளேயுள்ள தசை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மெல்லண்ணம் நீண்டு குரல்வளையின் வாயிலில் தொங்குகிறது. நாசித் துளைகள் கீறல்களைப் போல ஒடுங்கியிருக்கின்றன. வெயில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியின் மே மாதத்தில் இப்படியோர் உடலுடன் வாழ்வதென்றால் என்ன என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

லட்டு இரவில் குறட்டை விடும். தாத்தாவின் குறட்டையோடு அதை ஒப்பிட்டுச் சிரிப்போம். நாக்கைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து அது மூச்சிரைக்கும்போது, “அப்பா, இது சிரிக்குதுப்பா” என்பாள் மகள். அந்தச் சிரிப்பைப் படம் பிடித்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினோம். 2019இல் ஒரு பிற்பகல் அது முற்றத்தில் சுருண்டு விழுந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. தண்ணீரில் நனைத்த துண்டைப் போர்த்தி மருத்துவரிடம் கொண்டு ஓடினோம். பிழைத்த பின் அவர் சொன்னார்: “சார், நீங்க குறட்டைன்னு சொல்றீங்களே, அது மூச்சுத் திணறல். பிறந்ததிலிருந்தே திணறிக்கிட்டுதான் இருக்கு.”

நாசித் துளையை அகலப்படுத்தி, அண்ணத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய முதல் இரவு, நடுநிசியில் நானும் மனைவியும் ஒரே நேரத்தில் விழித்து எழுந்து விளக்கைப் போட்டோம். சத்தமே இல்லை. இறந்துவிட்டது என்றே நினைத்தோம். அது உறங்கிக்கொண்டிருந்தது. மூன்று வயதில் முதன்முறையாக அமைதியாக உறங்கியது. பாடத்திற்குப் பொருள் சொல்லிப் பிழைப்பவன் நான். ஓர் உயிர் நாள்தோறும் என் காலடியில் கிடந்து சொல்லியதற்கு மூன்றாண்டுகளாகத் தவறான பொருள் கொண்டிருக்கிறேன்.

பக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சீனத்து அரண்மனைகளில் வளர்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற இனம் இது. நெற்றிச் சுருக்கங்கள் ‘அரசன்’ என்னும் சீன எழுத்தைப் போல அமைவதை அங்கே விரும்பினர் என்று சொல்வதுண்டு. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் வரைந்த தன்னுருவ ஓவியத்தில் அவருடைய பக் நாய் டிரம்ப் அமர்ந்திருக்கிறது. அதற்கு மூக்கு இருக்கிறது. கால்களும் நீளமாக உள்ளன. அதன் பின்னர் கண்காட்சிகளும் சந்தையும் தட்டையான முகத்தையே மேலும் மேலும் தேர்ந்தெடுத்தன. பெரிய கண், சிறிய மூக்கு, உருண்டைத் தலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நமக்குக் கைக்குழந்தையின் முகம் தெரிகிறது. நம் கனிவைத் தூண்டும் முகத்தை நாமே செய்துகொண்டோம். அதற்கான விலையை நாய் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஏதேனும் ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு பிற நாய்களைவிட பக் நாய்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு என்றது. உடல்நலத்தைப் பொறுத்தவரை இதனை இனி இயல்பான நாயாகக் கருத இயலாது என்றும் கூறியது. 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெப்பத்திற்கு ஒவ்வாத அயல் இனங்களைப் பட்டியலிட்டபோது அதில் பக் இனமும் இடம்பெற்றது. வளர்ப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது.

அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று நியாயமானது: பிறந்துவிட்ட நாய்களை என்ன செய்வது? வளர்க்கத்தான் வேண்டும். செலவும் நோயும் கண்டு கைவிடப்பட்ட பக் நாய்களுக்கு வீடு தருவோர் நல்லவர்கள். நான் மறுப்பது புதிதாகக் குட்டி வாங்குவதை. நாம் எண்ணித் தரும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த ஈற்றுக்கான முன்பணம். அன்பாக வைத்துக்கொள்வோமே என்பதும் விடையாகாது. ஒடுங்கிய நாசியை அன்பு அகலப்படுத்துவதில்லை.

உடனே சிலர் நம் நாட்டு நாய்களின் பெருமையைப் பேசத் தொடங்குவர். சிப்பிப்பாறையும் கன்னியும் அழகிய நாய்கள்தாம். ஆனால் முயலைத் துரத்தி ஓடப் பிறந்த கன்னியை இரண்டறைக் குடியிருப்பில் சங்கிலியிட்டுக் கட்டி வைப்பதும் இதே பிழையின் மறுபக்கம். அயல் நாயா நம் நாயா என்பதன்று கேள்வி. இந்த உடல் எங்கே, எப்படி வாழக்கூடியது என்பதே கேள்வி. தெருவில் பிறந்த குட்டியொன்று, நீண்ட மூக்கும் மெல்லிய மயிருமாக, நம் வெயிலோடு ஒத்துப்போன உடலுடன் வாசலிலேயே நிற்கிறது. அதற்கு விலையில்லை என்பதாலேயே நம் கண்ணில் படுவதில்லை.

மகள் இப்போது கல்லூரி செல்லும் வயதை நெருங்குகிறாள். லட்டுவுக்குப் பிறகு இன்னொரு நாய் வந்தால் அது தெருவிலிருந்துதான் என்று அவளே சொல்லிவிட்டாள். சென்ற வாரம் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்து, லட்டுவைக் கொஞ்சிவிட்டு, தம் பேரனுக்கு இப்படியொன்று வாங்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டார். விற்றவரின் எண் என்னிடம் இருக்கிறது. கொடுக்கவில்லை. மாறாக, இரவு ஒன்பது மணிக்கு மூக்கு மடிப்பைத் துடைக்கும் வேளை வரை அவரை இருக்கச் சொன்னேன். துணியை அவர் கையிலேயே கொடுத்தேன்.