ஒரு பல் பிசகினால்

நீலகிரியில் எந்தக் குற்றத்தையும் மலையின் தலையில் சுமத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. பருப்பு வேகாவிட்டால் மலை. பால் உறையாவிட்டால் மலை. படகின் இயந்திரம் இருமினாலும் மலைதான்! முதல் இரண்டிலும் நியாயம் உண்டு. மூன்றாவதை மட்டும் சற்று விசாரிப்போம்.

இத்தலாருக்கு அருகே எமரால்டு நீர்த்தேக்கம், உதகையில் ஜான் ஸல்லிவன் 1824-ல் அமைத்த ஏரி, அப்பால் பைக்காரா. இவ்வட்டாரத்தில் ஜலத்துக்குக் குறைவில்லை. உதகையிலும் பைக்காராவிலும் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மோட்டார் படகுகள் ஓடுகின்றன. உதகையின் உயரமான 7,300 அடியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்கே. ஆகவே இயந்திரத்தின் சக்தி குறைவது வாஸ்தவம். ஆனால் மலை தினந்தோறும் அதே உயரத்தில்தானே நிற்கிறது? நேற்றுவரை சுறுசுறுப்பாக ஓடிய இயந்திரம், 'டைமிங் பெல்ட்' மாற்றிய மறுநாள் சோம்பினால், மலையைக் குறை கூறுவானேன்?

படகின் பின்புறத்தில் மாட்டும் 'நாலு ஸ்ட்ரோக்' இயந்திரங்கள் பலவற்றில் பல் வைத்த இந்த ரப்பர் வார் உண்டு. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகள் உரிய வேளையில் திறந்து மூடுவது இந்தக் கணக்கினால்தான்.

பாட்டரி இணைப்பையும் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியபின், இரு சக்கரங்களின் குறிகளையும் தயாரிப்பாளரின் புத்தகத்தில் கண்டபடி நிறுத்தி, அதன் பிறகே வாரை மாட்ட வேண்டும். வாரை மடக்கலாகாது, எண்ணெய்க் கையும் படலாகாது. பின்னர், இயந்திரம் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். கேம் தண்டு ஒரு வட்டம் பூர்த்தியாவது அப்போதுதான். நடுவில் தடை தட்டினால் பலவந்தம் கூடாது. ஒரு பல் பிசகினாலே இயந்திரம் தடுமாறும். மேலும் பிசகினால் சிலவகை இயந்திரங்களில் பிஸ்டன் வால்வில் மோதி அதை வளைத்துவிடும்.

இந்த இரண்டு சுற்றுக்கு ஒரு நிமிஷம் போதும். கோடைக் கூட்டத்தில் "சீக்கிரம், சீக்கிரம்!" என்று மெக்கானிக்கை விரட்டும் படகுக்காரர்கள் அந்த நிமிஷத்தைத்தான் பறிக்கிறார்கள். மூடுபனி இறங்கும் மாலையில், குழந்தை குட்டிகளோடு நடு ஏரியில் படகு நின்றுவிட்டால், மிச்சம் பிடித்த நிமிஷத்தால் யாருக்கு என்ன லாபம்? படகில் ஏறும் நேயர்களும் மிதவை அங்கியும் துடுப்பும் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.