ஊர் ஈரம் வேறு, கூண்டு ஈரம் வேறு

“ஈப்போ காற்றே ஈரம், பச்சோந்திக் கூண்டுக்குத் தண்ணீர் தெளிப்பது வீண்வேலை. தோட்டத்துப் பால்மரத்தில் திரியும் சும்பா-சும்பாவுக்கு யார் தெளித்தார்கள்?” என்கிறார் நண்பர்.

முதலில், சும்பா-சும்பா பச்சோந்தியே அல்ல. அது ஓணான் இனம். வெயிலோ நிழலோ, வேண்டிய கிளைக்கு அது தானே போகும். கூண்டில் இருப்பது எங்கே போகும்?

ஊர் ஈரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏர்கோன் ஓடும் அறையில் அந்த ஈரம் நிற்காது. தவிர, பச்சோந்தி பெரும்பாலும் கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாது; இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். தெளிப்பதை நிறுத்தினால் ஈரக்காற்றின் நடுவிலேயே தாகத்தில் வாடும். கண் குழிவிழும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறும்.

அதற்காக எந்நேரமும் நனைப்பதும் தவறு. ஏமன் பச்சோந்திக்குப் பகலில் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரம் போதும். இரவில் 80 வரை ஏறலாம். காற்றோட்டமில்லாத கண்ணாடித் தொட்டியில் ஈரம் தேங்கினால் பூஞ்சை படியும், மூச்சுத் தொற்று வரும்.

ஆகவே வலைக்கூண்டு வையுங்கள். விடியலிலும் அந்தியிலும் தெளியுங்கள், நடுவில் இலை காயட்டும். நடுக்கிளை உயரத்தில் ஓர் ஈரமானியைத் தொங்கவிடுங்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த முள்ளைப் பாருங்கள்.